காயம்பட்ட மூட்டைகள்

லுபுக்கன் என்கிற மலையூரில் ஆண்கள் குளிக்காமல் திரிந்தால் அதற்குச் சோம்பேறித்தனம் காரணமல்ல. சுரங்கத்தில் பாறைக்குள் ஓடும் தங்க நரம்பு அகப்பட்டுவிட்டது என்று அர்த்தம். நரம்பைக் கண்ட கையோடு குளித்துவிட்டால் அதிர்ஷ்டமும் சோப்பு நுரையோடு சேர்ந்து ஓடையில் போய்விடும் என்பது அந்த மலைக்காரர்களின் நம்பிக்கை. அதனால் நரம்பைக் கண்டவன் உடனே குளிப்பதை நிறுத்துவான், வாயையும் மூடிக்கொள்வான். வாயை மூடி என்ன பயன்? ஊருக்கு மூக்கு இருக்கிறதே. இப்படி ரகசியம் காக்கிற ஊரை வேறெங்கும் பார்க்க முடியாது.

அன்று காலை காஸியானோ வாசலில் வந்து நின்றபோது, அவன் ஒரு வார்த்தை பேசுவதற்கு முன்பே அவனுடைய அக்கா பல்பினாவின் மூக்குக்குச் சேதி எட்டிவிட்டது. காபிக் குவளையோடு வெளியே வந்தவள் தம்பியைவிட்டு இரண்டடி தள்ளி நின்றுகொண்டாள்.

"உடம்புல தண்ணி பட்டு எத்தனை நாளாச்சுடா?"

காஸியானோ எல்லாப் பல்லையும் காட்டினான். அந்தப் பல்லிலேயே பதில் இருந்தது.

"நேத்துலேர்ந்துதான்," என்றான். "எல்லாம் உன்னாலதான் அக்கா. மேல்பாறையத் தாங்கற முட்டுக்கால இன்னும் ஆழமா நடணும்னு சட்டத்துல இருக்குன்னு நீ உயிர எடுத்தல்ல? அந்தக் குழியத் தோண்டும்போதுதான் கெடைச்சுது. கைத்தண்டி இருக்கு."

வேறு நாளாக இருந்தால் பல்பினா துள்ளிக் குதித்திருப்பாள். அன்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். மறுநாள்தான் பர்மிட்டுக்கான கடைசி ஆய்வு.

ஒரு பெருமழையில் மலை சரிந்ததிலிருந்து அந்தப் பக்கத்துச் சின்னச் சுரங்கங்களையெல்லாம் அரசாங்கம் மூடச் சொல்லிவிட்டது. மறுபடி வெட்ட வேண்டுமானால் சங்கம் அமைக்க வேண்டும், மரமுட்டு கொடுக்க வேண்டும், உள்ளே காற்று ஊதும் இயந்திரம் வைக்க வேண்டும், பர்மிட் வாங்க வேண்டும். லுபுக்கனின் ஆண்கள் இதையெல்லாம் கேட்டுவிட்டு, வாயிலிருந்த பாக்கைத் துப்பிவிட்டு எழுந்து போனார்கள். பல்பினா மட்டும் போகவில்லை. சங்கத்துக்குத் தலைவியானாள். ஜீப்னி வண்டி பிடித்து மலையிறங்கி, அலுவலகம் அலுவலகமாக ஏறினாள். ஒவ்வொரு முறையும் அவர்களுக்குப் புதிதாக ஒரு காகிதம் தேவைப்பட்டது. அவள் கொடுத்த காகிதங்களைச் சுரங்கத்துக்குள் அடுக்கியிருந்தால் மரமுட்டே வேண்டியிருந்திருக்காது. கடைசியில், காஸியானோவின் குழு மட்டும் ஒரே ஒரு சுரங்கத்தில் வேலை செய்யத் தற்காலிக அனுமதி கிடைத்தது. நாளைய ஆய்வில் தேறினால் ஊர் முழுவதற்கும் பர்மிட். தேறாவிட்டால் சுரங்க வாயை சிமெண்ட் போட்டு அடைத்துவிடுவார்கள். பிறகு ஊரே மூட்டை கட்டிக்கொண்டு பாகியோ நகரத்தில் போய்க் காய்கறி மூட்டை சுமக்க வேண்டியதுதான்.

அந்தச் சட்டத்தில் கொட்டை எழுத்தில் ஒரு விதி இருந்தது. பயிற்சியும் ஹெல்மெட்டும் இல்லாத எவரும் சுரங்கத்துக்குள் கால் வைக்கக் கூடாது. லுபுக்கனுக்கோ அதைவிடப் பழைய விதி ஒன்று இருந்தது. அதன் பெயர் சகாவோக். நரம்பைக் கண்டவன் மூன்றாம் நாளே சுரங்கத்தை ஊருக்குத் திறந்துவிட வேண்டும். யார் வந்தாலும் உள்ளே போகலாம், போதும் என்று குரல் வரும்வரை தன்னால் முடிந்த அளவு கல்லைப் பெயர்த்து எடுத்துக்கொள்ளலாம். அது பிச்சை இல்லை, பங்கு. கொடுக்காவிட்டால் நரம்பு மலைக்குள் ஒளிந்துகொள்ளும் என்பார்கள். நரம்பு ஒளிகிறதோ இல்லையோ, கொடுக்காதவன் ஊரார் வாயிலிருந்து ஒளிய முடியாது.

"போய்க் குளிடா," என்றாள் பல்பினா.

"நரம்பு போயிடும்."

"குளிக்கலேன்னா பர்மிட்டு போயிடும். ரெண்டு நாள் தள்ளி வையி. ஆபீசரு வந்துட்டுப் போகட்டும்."

"ரெண்டு நாள் தள்ளினா, அதுக்குள்ள நாங்க திருட்டுத்தனமா வெட்டி ஒதுக்கிட்டோம்னு பேசுவாங்க. அந்தப் பேச்சோட நான் எப்படிக்கா இந்த ஊர்ல நடக்கறது?"

அவள் பதில் சொல்வதற்குள் பக்கத்து வீட்டு செவெரா வந்துவிட்டாள். கொஞ்சம் உப்பு வாங்க வந்தாளாம். உப்பு வாங்க வந்தவள் கையில் துவைத்துக் காயவைத்த அரிசிச் சாக்கு எதற்கு என்று பல்பினா கேட்கவில்லை. செவெரா காஸியானோவின் பக்கமாக மூக்கைத் திருப்பி, ரோஜாப்பூவை முகர்வதுபோல ஆழமாக ஒரு மூச்சு இழுத்தாள்.

"தம்பிக்கு உடம்பு சரியில்லையா? குளிக்கல போல இருக்கே," என்றாள். "அரசாங்கத்து மருமகளே, நாளைக்கு எத்தனை மணிக்குத் திறக்கறீங்க?"

அரசாங்கத்து மருமகள் என்பது அந்த ஊர் பல்பினாவுக்கு வைத்திருந்த பெயர். அரசாங்கம் என்ன சீர் செய்தது, மாமியார் கொடுமை உண்டா என்றெல்லாம் பஸ் நிறுத்தத்தில் கேட்பார்கள். அவளும் சிரித்துக்கொண்டே போய்விடுவாள். அவள் ஏன் இந்தச் சட்டத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறாள் என்பது அவர்களுக்கும் தெரியும், அதனால் அதற்குமேல் கேலி போகாது.

அவள் புருஷன் மார்சியல் ஒரு சகாவோக் நாளில்தான் போனான். ஊரே சுரங்கத்துக்குள் முண்டியடித்தது. உள்ளே போனவர்கள் செருப்பைச் சுரங்க வாயில் குவியலாகக் கழற்றிப் போட்டிருந்தார்கள். எல்லோரும் வெளியே வந்து, கல்லைப் பங்கிட்டு, பன்றியைச் சமைத்து, சாப்பிட உட்கார்ந்தும் விட்டார்கள். மார்சியல் முன்னாலேயே வீட்டுக்குப் போயிருப்பான் என்று நினைத்தார்கள். வீட்டில் பல்பினா, அவன் அங்கே சாப்பிட்டுக்கொண்டிருப்பான் என்று நினைத்தாள். தேடிப் போனவள் கண்ணில் பட்டது சுரங்க வாயில் கிடந்த ஒரே ஒரு ஜோடி நீல ரப்பர் செருப்பு. உள்ளே ஒரு மூலையில் பாறை சரிந்திருந்தது, யாருக்கும் சத்தம்கூடக் கேட்கவில்லை. அதன் பிறகு அவள் அடுப்பு எரிந்ததும் சகாவோக்கினால்தான். ஒவ்வொரு முறையும் யாராவது ஒருவர் தன் பங்கில் பாதியை அவள் வாசலில் கொட்டிவிட்டுப் போனார்கள். அந்த வழக்கத்தை அவளால் வெறுக்கவும் முடியவில்லை, நம்பவும் முடியவில்லை.

செவெரா உப்பையும் வாங்கிக்கொண்டு போன பிறகு பல்பினா சட்டப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பர்மிட் கொடுக்கும் முன் அதிகாரியின் முன்னிலையில் ஆபத்துக் காலத்தில் வெளியேறும் பயிற்சியை நடத்திக் காட்ட வேண்டும் என்று அதில் இருந்தது. பயிற்சி பெற்று, ஹெல்மெட்டும் பூட்ஸும் அணிந்த ஊர்மக்கள் அதில் கலந்துகொள்ளலாம். காயம்பட்டவர்களைத் தூக்கி வந்து காட்ட வேண்டும். ஆட்களுக்குப் பதில் கனமான மூட்டைகளைப் பயன்படுத்தலாம். மூட்டைக்குள் என்ன இருக்க வேண்டும் என்பதை மட்டும் அந்த விதியை எழுதிய புண்ணியவான் சொல்ல மறந்திருந்தார். பல்பினா அந்த இடத்தை மறுபடி மறுபடி படித்தாள். பிறகு எழுந்து போய்த் தேவாலயத்துக் கைமணியை இரவல் கேட்டாள்.

அன்று மத்தியானம் கூடைப்பந்து மைதானத்தில் ஊருக்கே பயிற்சி நடந்தது. ஹெல்மெட் கொண்டுவந்தால்தான் நாளைக்கு உள்ளே விடுவேன் என்று சொல்லியிருந்தாள். கட்டட வேலைக்குப் போனவர்கள் மஞ்சள் ஹெல்மெட்டோடு வந்தார்கள். மீதிப் பேர் அக்கம்பக்கத்து ஊர்களில் எல்லாம் போய் இரவல் வாங்கி வந்தார்கள். செவெரா சோற்றுப் பானையைக் கவிழ்த்துக்கொண்டு வந்து நின்றாள். பல்பினா அவளைத் திருப்பி அனுப்பினாள். பானைக்கு என்ன குறை, உன் ஹெல்மெட்டைவிடக் கெட்டியாக இருக்கிறது என்று செவெரா சண்டை பிடித்துப் பார்த்தாள். கடைசியில் மருமகன் தலையிலிருந்து ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு வந்தாள். பூட்ஸ் ஊருக்கே எட்டு ஜோடிதான் இருந்தது. அதனால் எட்டு எட்டுப் பேராகத்தான் உள்ளே போவது என்று முடிவானது. போகிறவர்கள் செருப்பைக் கழற்றி வரிசையாக வைக்க வேண்டும், குவியலாக அல்ல. மணி அடித்தால் அரைகுறையாகப் பெயர்த்த கல்லைக்கூட விட்டுவிட்டு வெளியே வர வேண்டும், தன் செருப்பைத் தானே எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும். கடைசிச் செருப்பு போகும்வரை அடுத்த எட்டுப் பேர் நகரக் கூடாது. ஊர் முணுமுணுத்தது. கல்லுக்காக எல்லாவற்றுக்கும் தலையாட்டியது.

மறுநாள் ஆய்வுக்கு அரசாங்கத்து இஞ்சினியர் ஒக்தாவியோ வந்தார். ஒல்லியான மனிதர். கையில் குடை, காலில் முகம் பார்க்கும்படி துடைத்த கறுப்பு ஷூ. காஸியானோவின் குழுவுக்குக் கை கொடுத்தவர் கைக்குட்டையை எடுத்து மூக்கருகே வைத்துக்கொண்டார். ஊரில் தண்ணீர்க் கஷ்டமா என்று பல்பினாவிடம் தாழ்ந்த குரலில் விசாரித்தார். கோடை அல்லவா என்றாள் அவள். பின்னால் ஓடை சலசலவென்று ஓடிக்கொண்டிருந்தது.

மரமுட்டைத் தட்டிப் பார்த்தார், காற்று இயந்திரத்தை ஓடவிட்டார், கிராதிக் கதவின் பூட்டைத் திறந்து மூடினார். குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. பயிற்சி தொடங்கியது. முதல் எட்டுப் பேர் உள்ளே போனார்கள். பல்பினா அவர்களுக்குப் போதுமான அவகாசம் கொடுத்து மணியை அடித்தாள். எட்டுப் பேரும் எட்டு மூட்டையோடு ஓடி வந்தார்கள். இஞ்சினியர் பாராட்டினார். அடுத்த எட்டுப் பேரும் எட்டு மூட்டையோடு வந்தார்கள். மூன்றாவது கூட்டமும் வெளியே வந்தபோது அவர் குடையை மடக்கினார்.

"உள்ள வேலை செய்யறவங்க மொத்தம் எத்தனை பேரு?"

"ஆறு பேரு, இஞ்சினியர்."

"காயம்பட்டவங்க இருபத்திநாலு பேரு ஆயிட்டாங்களே."

"பாதுகாப்புல எதையும் கூடுதலாவே எதிர்பார்த்துக்கணும்னு போன தடவ நீங்கதானே சொல்லிட்டுப் போனீங்க," என்றாள் பல்பினா.

அவர் குனிந்து செவெராவின் காலடியில் கிடந்த மூட்டையைத் தொட்டுப் பார்த்தார். இவருக்கு எங்கே அடி என்று கேட்டார். செவெரா கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

"இடுப்புல, இஞ்சினியர். பாவம், பேச்சு மூச்சில்ல."

"ரொம்பக் கனமான ஆளா இருக்காரே."

"நல்லா சாப்பிடற குடும்பம்."

பின்னால் யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள். இஞ்சினியர் விரலில் ஒட்டிய தூளை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அதைக் கைக்குட்டையில் துடைத்து, கைக்குட்டையை நாலாக மடித்துப் பத்திரமாகப் பையில் வைத்துக்கொண்டார். அவருக்குப் புரிந்துவிட்டதா இல்லையா என்று பல்பினாவால் கண்டுபிடிக்க முடியவில்லை.

கடைசிக் கூட்டத்தில் ஏழு பேர்தான் மிச்சம். உள்ளே முட்டுக்கால்கள் எப்படி நிற்கின்றன என்று தானும் போய்ப் பார்க்க வேண்டும் என்றார் இஞ்சினியர். கறுப்பு ஷூவைக் கழற்றி வரிசையில் ஓரமாக வைத்தார், மீதமிருந்த பூட்ஸை மாட்டிக்கொண்டார், ஹெல்மெட்டைச் சரி செய்துகொண்டு அவர்களோடு உள்ளே போனார்.

பல்பினா மணியை அடித்தாள். ஆட்கள் வந்தார்கள். மூட்டையை இறக்கினார்கள், பூட்ஸைக் கழற்றினார்கள், செருப்பைப் போட்டுக்கொண்டு நகர்ந்தார்கள். இதுவே கடைசி என்பதால் ஊர் கலகலவென்று பேச ஆரம்பித்துவிட்டது. பன்றி வெந்துவிட்டதா என்று ஒருவர் கேட்டார். பல்பினா மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். செருப்புகள் ஒவ்வொன்றாகப் போய், அந்தக் கறுப்பு ஷூ மட்டும் நின்றது.

அவள் மறுபடி மணி அடித்தாள். விடாமல் அடித்தாள். சுரங்கத்திலிருந்து யாரும் வரவில்லை. பேச்சு நின்றது. அப்போது அவளுக்குப் பர்மிட் ஞாபகம் இல்லை, அவர் அதிகாரி என்பதும் ஞாபகம் இல்லை. ஒருவன் உள்ளே இருக்கிறான், அவன் வரவில்லை, அவ்வளவுதான். மணியைக் கீழே போட்டுவிட்டுச் சுரங்க வாயை நோக்கி ஓடினாள். மணி அடித்த பிறகு யாரும் உள்ளே போகக் கூடாது, மீட்கப் போவது காஸியானோ மட்டும்தான் என்று விதி போட்டவளே அவள்தான். காஸியானோ அவளை இரண்டு கையாலும் பிடித்து செவெராவிடம் தள்ளிவிட்டு உள்ளே போனான். செவெரா அவளை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் காஸியானோ இஞ்சினியரைத் தோளைப் பிடித்துக் கூட்டிவந்தான். மனிதருக்கு ஒரு கீறல்கூட இல்லை. தலை முதல் கால்வரை புழுதி. கையில் யாரோ விட்டுவிட்டு வந்த சுத்தியல். சட்டைப் பை இரண்டும் கனம் தாங்காமல் தொங்கின.

பல்பினா அழுதுகொண்டே திட்ட ஆரம்பித்தாள்.

"நீங்க படிச்சவருதானே? மணிச் சத்தம் காதுல விழுந்துச்சா இல்லையா? மேல கல்லு விழுந்திருந்தா உங்க வீட்டுல போயி நான் என்ன சொல்றது? சட்டத்த ஊருக்கெல்லாம் படிச்சுக் காட்டுறீங்க, உங்களுக்கு ஒண்ணும் கிடையாதா? வெளிய நிக்கறவ உசுரு போயிடுச்சு, தெரியுமா?"

இன்னும் என்னென்னவோ சொன்னாள். எழுதக் கூடியது இவ்வளவுதான். பர்மிட் போயே போய்விட்டது என்று ஊர் முடிவு கட்டியது. இஞ்சினியர் திட்டு வாங்கும் பள்ளிக்கூடப் பையன்போலத் தலையைக் குனிந்து நின்றார். பரிசோதனைக்கு மாதிரி எடுத்தேன் என்று முதலில் சொல்லிப் பார்த்தார். அவருக்கே அது நன்றாக இல்லை.

"எங்கப்பா பரகாலே ஊருல சுரங்கம் வெட்டினவரு," என்றார் பிறகு. "என்னை ஒரு நாளும் உள்ள கூட்டிட்டுப் போனதில்ல. படிடான்னு அனுப்பிட்டாரு. நானும் இத்தன வருஷமா சுரங்கத்துக்குள்ள போனாலும் முட்டுக்காலையும் காகிதத்தையும்தான் பாத்துக்கிட்டிருந்தேன். நரம்பக் கண்ணால கண்டதும் ஒரே ஒரு அடி அடிச்சுப் பாக்கலாம்னு தோணிச்சு."

காஸியானோவின் ஆட்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். அந்த ஒரே ஒரு அடி எங்கே கொண்டுபோய் விடும் என்று அவர்களுக்குத் தெரியாதா?

பல்பினா மட்டும் சிரிக்கவில்லை. அவருடைய பையைப் பார்த்தாள்.

"சகாவோக்குக்கு வந்தவங்க யாரா இருந்தாலும் பங்கு உண்டு," என்றாள். "ஆனா மணிக்கு முன்னாடி வெட்டினதுதான் பங்கு. இது எப்ப வெட்டினது?"

இஞ்சினியர் சட்டைப் பையைத் தடவிப் பார்த்தார்.

"பெரும்பாலும் அப்புறம்தான்."

"அப்ப கீழ வைங்க."

அவர் கற்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைத்தார். நாலாக மடித்த கைக்குட்டையையும் எடுத்து உதறினார். அதுவரை அங்கே நடந்தது பயிற்சி என்றுதான் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சகாவோக் என்ற வார்த்தை தன் வாயாலேயே வந்துவிட்டது என்பது பல்பினாவுக்கு இப்போதுதான் உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். இஞ்சினியர் அதைக் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை.

தோல்பையிலிருந்து பர்மிட் காகிதத்தை எடுத்தார். எழுத மேசை இல்லை. காஸியானோ முதுகைக் காட்டிக் குனிந்தான். இஞ்சினியர் மூச்சை அடக்கிக்கொண்டு அந்த முதுகின்மேல் காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டார். பயிற்சியில் ஒரு அதிகாரி மட்டும் விதியை மீறினார், மற்ற எல்லோரும் தேறினார்கள் என்று கீழே எழுதியும் வைத்தார். ஊர் ஆரவாரம் செய்தது. அடுத்த பயிற்சி எப்போது என்று செவெரா அங்கேயே கேட்டுவிட்டாள். காஸியானோ முதுகை நிமிர்த்தி, முதலில் நான் குளிக்கலாமா என்று சொல்லுங்கள் என்றான்.

இஞ்சினியர் காகிதத்தைப் பல்பினாவிடம் நீட்டினார். நீட்டியவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

"எத்தனையோ சுரங்கத்துக்குள்ள போய் வந்திருக்கேன். நான் வெளிய வந்துட்டேனான்னு இதுவரைக்கும் யாரும் பாத்ததில்ல."

இத்தனை வருஷம் ஜீப்னியில் ஏறி இறங்கியது அந்தக் காகிதத்துக்காகத்தான். இருந்தும் பல்பினா கை நீட்டவில்லை. சுரங்க வாயின் ஓரத்தில் நின்ற ஷூவைக் காட்டினாள்.

"முதல்ல அதப் போட்டுக்கோங்க."

இஞ்சினியர் ஒரு கல்மேல் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினார். ஒரு ஷூவைப் போட்டுக் கயிற்றைக் கட்டினார். மற்றதையும் போட்டுக் கட்டினார். சுற்றிலும் எல்லோரும் கட்டிப்பிடித்துக்கொண்டு கூத்தடித்துக்கொண்டிருந்தார்கள். பல்பினா அந்தக் கயிற்று முடிச்சு இறுகும்வரை பார்த்துக்கொண்டே நின்றாள். தரையில் ஒரு செருப்புகூட மிச்சமில்லை என்று இன்னொரு தடவை பார்த்து நிச்சயப்படுத்திக்கொண்டாள். அதன் பிறகுதான் காகிதத்துக்குக் கை நீட்டினாள்.